இளைப்பாற்றி இறந்தோருக்கு மட்டுமா?

நவம்பர் 2ஆம் திகதி, இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாள். பங்கின் சேமக்காலையில் மாலைத் திருப்பலி நிறைவுற்று, கல்லறைகள் மந்திரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. மெழுகுதிரிகளின் ஒளியில் ஒவ்வொரு குடும்பமும் தன் உறவின் கல்லறையைச் சூழ்ந்து நின்றது. நான்காம் தரத்தில் படிக்கும் சிறுவன் ஒருவன் தன் அம்மம்மாவின் கல்லறையில் பொறிக்கப்பட்டிருந்த எழுத்துகளை உரத்து வாசித்தான். பின்னர் தீர்த்தச் செம்புடன் அருகே வந்த என்னை நிமிர்ந்து பார்த்து, "பாதர், இளைப்பாறுறதுக்குச் சாகத்தான் வேணுமோ?" என்று கேட்டான்.

தாய் வெட்கத்துடன் அவனது வாயைப் பொத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே அடுத்த கல்லறைக்கு நகர்ந்தேன். ஆனால் அன்றிரவு அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அந்தப் பிள்ளையின் வாரத்தை நான் அறிவேன். காலையில் பாடசாலை, மாலையில் ரியூசன், சனிக்கிழமை இரண்டு வகுப்புகள், ஞாயிற்றுக்கிழமை திருப்பலியின் இறுதி ஆசீருக்குக் காத்திராமல் தகப்பனின் சைக்கிளில் ஏறி மற்றொரு வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை என்னும் மலையை நோக்கி அவன் நடந்துகொண்டிருக்கிறான். 'இளைப்பாற்றி' என்ற சொல்லை அவன் உயிரோடிருப்பவர்களின் வாயிலிருந்து கேட்டதேயில்லை. கல்லறைக் கல்லில்தான் கண்டிருக்கிறான்.

அன்பிற்குரிய வாசகர்களே, ஓய்வைக் குறிக்கும் சொற்கள் மனித மொழிகள் எல்லாவற்றிலும் உள்ளன. அவற்றுட் சில நாம் மறந்துவிட்ட உண்மைகளைத் தம்முள் பொதிந்து வைத்திருக்கின்றன. அந்தச் சிறுவனுக்கு நான் கொடுக்கத் தவறிய விடையைத் தேடி, அச்சொற்கள் சிலவற்றின் கதவுகளை இன்று தட்டிப் பார்ப்போம்.

மூச்சு ஆறும் வேளை

முதலில் நமது மொழி. 'இளைப்பு' என்றால் களைப்பு. மூச்சு வாங்குதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. மூச்சுத் திணறும் நோயை இளைப்பு என்றே நம் முன்னோர் அழைத்தனர். 'ஆறுதல்' என்றால் தணிதல், சூடு இறங்குதல். எனவே இளைப்பாறுதல் என்பது வாங்கிய மூச்சு தணிந்து சீராவது. ஈழத்து வழக்கில் பணி ஓய்வு பெற்றவரை 'இளைப்பாறிய ஆசிரியர்', 'இளைப்பாறிய அதிபர்' என்கிறோம். நமது செபங்களுக்கு வெளியே அதிகம் வழங்காத 'இளைப்பாற்றி' என்னும் சொல்லும் இந்த வேரிலிருந்தே கிளைத்தது.

இப்போது எபிரேயத்துக்குச் செல்வோம். விடுதலைப்பயண நூலின் 23ஆம் அதிகாரம், 12ஆம் வசனம். மாடும் கழுதையும் ஓய்ந்திருக்கவும், அடிமைப் பெண்ணின் மகனும் அந்நியனும் இளைப்பாறவும் ஏழாம் நாள் வேண்டுமென்று அங்கே கட்டளையிடப்படுகிறது. 'இளைப்பாறுதல்' என்பதற்கு மூலமொழியில் வரும் வினைச்சொல் 'நெபேஷ்' என்னும் பெயர்ச்சொல்லோடு உறவுடையது. நெபேஷ் என்றால் உயிர், மூச்சு. தொண்டை என்றும் பொருள்படும். ஆகவே அவ்வினைக்கு 'மூச்சை மீளப் பெறுதல்' என்பதே நேர்ப்பொருள். எங்கோ பிறந்த எபிரேயமும் இங்கே வளர்ந்த தமிழும் இந்த ஓர் அனுபவத்தில் கைகோத்து நிற்பது வியப்பன்றோ!

இதைவிடப் பெரிய வியப்பு, அதே நூலின் 31ஆம் அதிகாரத்தின் 17ஆம் வசனத்தில் இருக்கிறது. படைப்பை முடித்த ஆண்டவர் ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்று சொல்லும்போது, அடிமைப் பெண்ணின் மகனுக்குச் சொல்லப்பட்ட அதே வினைச்சொல்லே கடவுளுக்கும் சொல்லப்படுகிறது. கடவுள் களைப்படைபவர் அல்லர். எனினும் ஓய்வு என்ற ஒன்றிலே தம்மையும் அந்த வேலைக்காரச் சிறுவனையும் ஒரே சொல்லால் இணைத்துக்கொள்ள அவர் நாணவில்லை.

புறா தேடிய இடம்

'சபாத்' என்ற சொல்லை நாமனைவரும் அறிவோம். அதன் வேர்ப்பொருள் 'நிறுத்துதல்'. களைத்தவன் படுத்துக்கொள்வதை அது குறிப்பதில்லை. வேலையை அதன் இடத்தில் நிறுத்திவைப்பதையே குறிக்கிறது. போர்களை ஆண்டவர் முடிவுக்குக் கொண்டுவருகிறார் என்று 46ஆம் திருப்பாடலின் 9ஆம் வசனம் அறிக்கையிடும்போதும் இதே வேர்ச்சொல்லே எடுத்தாளப்படுகிறது. யுத்தத்தின் ஓய்வும் ஏழாம் நாளின் ஓய்வும் எபிரேயனுக்கு ஒரே வேரின் இரு கிளைகள்.

எபிரேயத்தில் 'மெனுகா' என்று இன்னொரு சொல் உண்டு. தங்கி அமர்தல், நிலைகொள்ளுதல் என்பது அதன் பொருள். 23ஆம் திருப்பாடலில் நல்லாயன் தன் ஆடுகளை நடத்திச் செல்லும் அமைதியான நீர்நிலைகள் 'மெனுகாவின் நீர்கள்' எனப்படுகின்றன. விதவைகளான மருமக்கள் இருவரையும் தாய்வீட்டுக்கு அனுப்பும் நகோமி, அவர்கள் மறுமணம் செய்து கணவன் வீட்டில் மெனுகாவைக் காணவேண்டுமென்று வாழ்த்துகிறாள் (ரூத்து 1:9). ஆகவே மெனுகா என்பது நேரம் மட்டுமன்று. ஓர் இடம், ஒரு வீடு.

நோவா என்ற பெயரும் இச்சொற் குடும்பத்தோடு சேர்ந்ததே. ஓய்வு என்னும் பெயர் தாங்கிய அம்மனிதர் பேழையிலிருந்து புறாவை அனுப்பினார். வெள்ளம் வடியாத நிலையில் கால்பதிக்க இளைப்பாறும் இடம் காணாது அது திரும்பி வந்தது (தொடக்கநூல் 8:9). அந்தப் 'புறாவின் இடம்' என்ன என்பதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தைவிட்டுத் தென்மராட்சி நோக்கி, இரவிலும் மழையிலும் அடிமேல் அடிவைத்து நகர்ந்தவர்களும், 2009இல் வன்னியில் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி மாறியவர்களும் அதனைத் தம் கால்களால் கற்றவர்கள். கால்பதிக்க இடமின்றி அலைந்த மக்களுக்கு ஓய்வு ஓர் ஆடம்பரமன்று, கடவுளின் வாக்குறுதி. அப்படி அலைந்து, இறுதியில் ஒரு வீட்டைக் கட்டி அமர்ந்த நாமே அந்த வீட்டுக்குள் நமது பிள்ளைகளை இருக்கவிடாமல் ஓடவைக்கிறோமா என்று கேட்டுப் பார்ப்பது தகும்.

ஒரே வசனம், மூன்று மொழிகள்

46ஆம் திருப்பாடலின் 10ஆம் வசனத்தில் ஆண்டவர், தாமே கடவுள் என்பதை அறிந்துகொள்ளும்படி மக்களை அழைக்கிறார். அந்த அறிதலுக்கு முன் ஒரு கட்டளை வருகிறது. அதனை எபிரேயம் 'கைகளைத் தளரவிடுங்கள்' என்னும் கருத்துடைய வினையால் கூறுகிறது. இறுகப் பற்றியிருப்பதை விடு. முறுக்கேறிய கையைத் தாழ்த்து என்பது அதன் உட்பொருள்.

கிறிஸ்துவுக்கு முன்னைய நூற்றாண்டுகளில் இத்திருப்பாடலைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள், அவ்விடத்தில் 'ஸ்கொலே' என்னும் சொல்லின் வினைவடிவத்தை வைத்தார்கள். ஸ்கொலே என்றால் ஓய்வுப்பொழுது. பிழைப்புக்கான ஓட்டம் நின்றபின் உள்ளம் விரிந்து உண்மையைத் தேடும் நேரம். அந்நேரத்தில் கிரேக்கர் கூடிக் கற்றதனால் கற்கும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. இலத்தீனின் 'ஸ்கோலா', போர்த்துக்கேயரின் 'எஸ்கோலா', ஆங்கிலத்தின் 'ஸ்கூல்', நமது சிங்களச் சகோதரர் சொல்லும் 'இஸ்கோலய' அனைத்தும் அச்சொல்லின் வழித்தோன்றல்களே. பள்ளிக்கூடம் என்னும் சொல்லின் மூலப்பொருள் ஓய்வு! இதைக் கேட்டால் நமது பிள்ளைகள் நம்புவார்களா?

திருச்சபை பல நூற்றாண்டுகள் வாசித்த இலத்தீன் விவிலியமோ அதே இடத்தில் 'வெறுமையாயிருங்கள்' என்னும் பொருளுடைய சொல்லைக் கொண்டிருக்கிறது. விடுமுறையைக் குறிக்கும் 'வக்கேஷன்' என்ற ஆங்கிலச் சொல் இதே வேரிலிருந்து வந்தது. நிறைந்து வழியும் குடத்தில் புதிய நீரை ஊற்ற முடியாது. கை தளரவேண்டும், உள்ளத்துக்கு நேரம் வேண்டும், குடத்தில் இடம் வேண்டும். அப்போதுதான் கடவுளை அறியலாம் என்று மூன்று மொழிகளும் முறைவைத்து நமக்குப் போதிக்கின்றன.

வியாபாரத்தின் பெயரும் ஒரு மரணத்தின் பெயரும்

இலத்தீனில் ஓய்வுக்கு 'ஓத்தியும்' என்று பெயர். வியாபாரத்துக்கும் அலுவலுக்கும் தனியே பெயரிடாமல், ஓய்வு இல்லாத நிலை என்ற பொருளில் 'நெகோத்தியும்' என்றார்கள் உரோமர். ஓய்வே இயல்பு, அலுவல் அதன் இன்மை என்பது அவர்களது மொழி காட்டும் பார்வை. நாமோ அலுவலை இயல்பாக்கி, அதில் விழும் ஓட்டையை 'லீவு' என்கிறோம்.

இலத்தீனில் 'பேரியா' என்றால் திருநாள், ஓய்வுநாள். திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டி இச்சொல்லை எடுத்துச் சாதாரண வார நாள்களுக்குச் சூட்டியது. போர்த்துக்கேய மொழியில் திங்கள் முதல் வெள்ளி வரையான நாள்களுக்கு இரண்டாம் பேரியா, மூன்றாம் பேரியா என்ற பொருளிலேயே இன்றும் பெயர் வழங்குகிறது. ஜெர்மானியர் வேலை முடிந்த மாலைப்பொழுதை 'பையராபென்ட்' என்பர். அதன் முற்பகுதியும் பேரியாவிலிருந்து பிறந்ததே. 'திருவிழா மாலை' என்பது அதன் நேர்ப்பொருள். நாளாந்தம் கருவிகளைக் கழுவி வைத்து வீடு திரும்பும் தொழிலாளியின் மாலைக்குத் திருவிழாவின் பெயர்!

ஸ்பானியரின் நண்பகல் உறக்கம் 'சியெஸ்தா' எனப்படுவதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சூரிய உதயத்திலிருந்து எண்ணும் 'ஆறாம் மணி', அதாவது நண்பகல், என்ற இலத்தீன் தொடரிலிருந்து அது வந்தது. அதே ஆறாம் மணியில் துறவியர் செபித்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்குநூலின் 48ஆம் அதிகாரம், கோடைகாலத்தில் அந்தச் செபமும் உணவும் முடிந்தபின் அவர்கள் தத்தம் படுக்கையில் மௌனமாக இளைப்பாறலாம் என்று விதிக்கிறது. கடுந்தவம் செய்தவர்களுக்கே அந்தப் புனிதர் பாய் விரித்துக் கொடுத்தார்.

இவற்றுக்கு நேரெதிரே யப்பானில் 'கரோஷி' என்றொரு சொல் இருக்கிறது. மிகை, உழைப்பு, மரணம் என மூன்று எழுத்துகளால் ஆனது. அளவு மீறி உழைத்ததால் வரும் சாவு என்பது பொருள். அதனைத் தடுப்பதற்கென்றே அந்நாட்டு நாடாளுமன்றம் 2014ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தை இயற்றியது. ஓய்வைப் பறிகொடுத்த சமுதாயம் மரணத்துக்குப் புதுப்பெயர் தேடவேண்டியதாயிற்று. இளைப்பாறச் சாகத்தான் வேண்டுமா என்று கேட்ட நமது சிறுவன், தன்னை அறியாமல் இச்சொல்லின் வாசலிலேயே நின்றான்.

சோம்பலை ஆதரிப்பதா?

'அப்படியானால் பிள்ளைகள் சோம்பியிருக்கட்டுமா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிரேக்கத் துறவியர் சோம்பலை 'அக்கேதியா' என்று அழைத்தனர். அக்கறையின்மை என்பது பொருள். தலையான பாவங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார், இந்தப் பாவம் பத்துக் கட்டளைகளுள் எதற்கு எதிரானது என்று ஆராய்ந்தார். உழைக்கும்படி கூறும் ஏதேனும் ஒரு கட்டளையை அவர் சுட்டுவார் என எதிர்பார்ப்போம். அவரோ ஓய்வுநாளைப் புனிதமாகக் கொண்டாடும் கட்டளைக்கே சோம்பல் எதிரானது என்றார். ஏனெனில் உள்ளம் கடவுளில் இளைப்பாறுவதையே ஓய்வுநாள் கேட்கிறது; சோம்பல் அந்த இளைப்பாறுதலில் சலிப்படைகிறது. ஓடிக்கொண்டேயிருப்பவனுக்கும் அந்தச் சோம்பல் இருக்கலாம். கைத்தொலைபேசித் திரையை நள்ளிரவுவரை தள்ளிக்கொண்டிருக்கும் விரலும் ஓய்ந்திருப்பதில்லை.

தாயின் கேள்வி

சில நாள்களின் பின் அந்தச் சிறுவனின் தாய் என்னைத் தேடி அறைவீட்டுக்கு வந்தார். மகனின் கேள்வி அவரையும் தைத்திருந்தது. "மற்றப் பிள்ளையள் எல்லாம் போகினம் பாதர். எங்கட பிள்ளை மட்டும் நிண்டால் பின்தங்கிப் போவான். எங்களிட்டைக் காணியும் இல்லை, காசும் இல்லை. படிப்பு ஒண்டுதான் இருக்கு" என்றார்.

அவரை எளிதாகக் கடிந்துவிட என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் இழந்த ஒரு சமூகம் கல்வி என்னும் ஒரே கயிற்றைப் பற்றிக்கொண்டு கரையேறியது என்பதை நான் அறிவேன். ஆனால் சபாத் யாருக்கு முதலில் கொடுக்கப்பட்டது என்று அவருக்கு நினைவூட்டினேன். செல்வந்தருக்கு அன்று, எகிப்தின் செங்கற்சூளையிலிருந்து தப்பி வந்து, நாளைய உணவு ஏதென்று அறியாமல் பாலைநிலத்தில் நின்ற அடிமைகளுக்கு. ஆறாம் நாள் இருமடங்கு மன்னா கிடைக்கும், ஏழாம் நாள் வெளியே போகவேண்டாம் என்றார் ஆண்டவர். சிலர் நம்பாமல் போனார்கள். ஒன்றும் காணவில்லை (விடுதலைப்பயணம் 16:27). 'நான் நின்றால் பின்தங்கிவிடுவேன்' என்ற அச்சம் அன்றே இருந்தது. அந்த அச்சத்துக்கு ஆண்டவர் தந்த மருந்துதான் ஓய்வுநாள். நமது உலகம் நமது ஓட்டத்தால் மட்டும் சுழலவில்லை என்று வாரத்தில் ஒரு நாள் நம்பிப் பார்ப்பதே அது.

இந்நாட்டில் 1966ஆம் ஆண்டு தொடக்கம் 1971ஆம் ஆண்டு வரை ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் நான்கு நிலைகளையொட்டி வந்த போயா நாள்களே வார விடுமுறையாயின. ஞாயிறு வேலைநாளாகியபோதும், அதிகாலையில் அல்லது மாலையில் திருப்பலி கண்டு தம் கடனை நிறைவேற்றியதை நமது மூத்தோர் நினைவுகூர்வர். அன்று சட்டம் எடுத்துக்கொண்ட ஞாயிறு நமக்குத் திரும்பக் கிடைத்தது. இன்று எந்தச் சட்டமும் கேட்காமலே நாமாகக் கொடுத்துவிட்ட ஞாயிற்றை யார் மீட்டுத் தருவார்?

இங்கே குருக்களாகிய நாங்களும் எங்கள் மார்பில் தட்டிக்கொள்ள வேண்டியவர்களே. பங்குச் சபைக் கூட்டம், பக்திச் சபைக் கூட்டம், ஒத்திகை என்று ஞாயிற்றையே நாங்களும் நிரப்புகிறோம். குடும்பத் தலைவர்களும் சிந்திக்கவேண்டும். மகன், மகள், வேலையாள், வேலைக்காரி, மாடு, கழுதை, அந்நியன் என்று ஓய்வுக்குரியோரை இணைச்சட்ட நூல் (5:14) வரிசைப்படுத்துகிறது. வீட்டுத் தலைவி அந்த வரிசையில் தனியே இல்லை. கட்டளையைப் பெறும் 'நீ' என்ற சொல்லுக்குள் கணவனோடு அவளும் இருக்கிறாள் என்றே கொள்ளவேண்டும். நமது வீடுகளிலோ ஞாயிறு இறைச்சிக்கறியின் நாள். அம்மிக்கும் அடுப்புக்கும் நடுவே தாய் இரட்டிப்பாக உழைக்கும் நாள். வீட்டுப் பணியாளர்களுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணித்தியால ஓய்வாவது வேண்டுமென்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையொன்று 2011இல் வகுத்தது. சொந்த வீட்டின் தாய்க்கு அதில் பாதியாவது கிடைக்கிறதா?

நமது கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்கள் பலவற்றில், ஞாயிற்றில் கடலுக்குப் போவதில்லை என்னும் வழக்கத்தை மீனவர் காத்துவருகின்றனர். நாளாந்த உழைப்பிலேயே அடுப்பெரியும் அம்மக்கள், வள்ளத்தைக் கரையில் ஏற்றிவைத்துவிட்டு ஆலயம் வருகிறார்கள். மறையுரையால் நான் கற்பிக்க முடியாததை அந்த வள்ளங்கள் கற்பிக்கின்றன.

என்னிடம் வாருங்கள்

இயேசு தம் சீடருக்கு ஓய்வைக் கட்டளையாகவே கொடுத்தார். உண்பதற்கும் நேரமின்றி மக்கள் நெருக்கியபோது, தனிமையான இடத்துக்குச் சென்று சற்று இளைப்பாறும்படி அவர்களை அழைத்தார் (மாற்கு 6:31). சுமை சுமந்து சோர்ந்தோரைத் தம்மிடம் அழைத்தபோது அவர் வாக்களித்த இளைப்பாறுதல் கிரேக்கத்தில் 'அனாபௌசிஸ்' எனப்படும் (மத்தேயு 11:28-29). அதனை அவர் சாவுக்குப் பின் என்று தள்ளிவைக்கவில்லை. தம் நுகத்தை ஏற்று, தம்மிடம் கற்றுக்கொள்பவர்களுக்கு என்றார். கற்றலும் இளைப்பாறுதலும் அவரது பள்ளியில் பகையல்ல.

இறுதியாக, அந்தக் கேள்வி பிறந்த இடத்துக்கே திரும்புவோம். ஆதிக் கிறிஸ்தவர்கள் தம் இறந்தோரை அடக்கிய இடத்தைக் கிரேக்கத்தில் 'கொய்மேத்தேரியோன்' என்றனர். துயிலுமிடம் என்பது பொருள். நாமோ சேமக்காலை என்கிறோம். சேமம் என்றால் நலம், காவல். காலை என்றால் மந்தையை அடைத்துக் காக்கும் இடம். வன்னியிலும் மட்டக்களப்பிலும் மாட்டுக்காலை என்ற வழக்கு உண்டு. நல்லாயன் தன் ஆடுகளை இரவில் சேர்த்துக் காக்கும் பட்டியே நமது சேமக்காலை. ஆனால் ஆயனுடைய ஆடுகள் பட்டிக்கு வந்தபின் மட்டும் இளைப்பாறுவதில்லை. பகலிலும், வழியிலும், பசும்புல் மீதும் நீரோரத்திலும் அவன் அவற்றை இளைப்பாறச் செய்கிறான்.

ஆகவே, தம்பி, உனது கேள்விக்கு என் விடை இதுதான்: இளைப்பாறுவதற்குச் சாகவேண்டியதில்லை. அம்மம்மா இப்போது முழுமையாகப் பெற்றிருக்கும் அந்த இளைப்பாற்றியின் முதற் பங்கு, வாரத்துக்கு ஒருமுறை உனக்கும் உரியது. அதனை உனக்குத் தராமல் விட்டது பெரியவர்களாகிய எங்கள் தவறு.

அந்தத் தாய் என்ன முடிவெடுத்தார் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் கடந்த ஞாயிறு இறுதி ஆசீர்வரை அவன் தாயருகே நின்றான். பிற்பகலில் ஆலய வளவின் வேப்பமரத்தடியில் நான்கைந்து சிறுவர்களோடு பந்தின் பின்னே ஓடிக்கொண்டிருந்தான். பின்னர் களைத்து, மூச்சு வாங்கியபடி மரத்தடியில் மல்லாந்து படுத்தான். அவனது இளைப்பு மெல்ல மெல்ல ஆறுவதை அறைவீட்டு விறாந்தையிலிருந்து பார்த்து நின்றேன்.

ஆண்டவரே, எங்கள் இறுகிய கைகளைத் தளரச் செய்தருளும். எங்கள் இல்லங்களில் ஒரு நாளையேனும் உமக்காகவும், ஒருவருக்கொருவராகவும் வெறுமையாக வைத்திருக்கும் துணிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.